மதிலுக்குக் கீழே ஓடும் தண்ணீர்

எங்கள் வகுப்புச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. மேலே நீல மலை, அதிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஆறு, கீழே கடல். மழை மலையில் விழுந்து ஆற்றால் ஓடிக் கடலில் சேரும் என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். எல்லோரும் கொக்குவிலில் வளர்கிற எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். மலையை நேரில் கண்டவர்கள் மிகச் சிலர். எங்கள் குடாநாட்டில் மாரியில் மட்டும் எழும்பி ஓடுகிற ஒன்றைத் தவிர வேறு ஆறு கிடையாது. அதுவும் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனாலும் தண்ணீர் என்று சொல்லிப் படம் வரையவிட்டால் வகுப்பு முழுவதும் மலை வரையும். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை பெய்தால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். ஆசிரியைக்கு இது நல்ல பழக்கம் இல்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், கூரையிலிருந்து இறங்கிய தண்ணீர் முற்றத்தில் பரந்து, வகுப்புகள் எல்லாம் மெதுவாக மிதந்து போவதுபோல் தெரிந்த நேரத்தில், நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம் அடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவர்களும் என்னோடு சேர்ந்து யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"உந்தத் தண்ணி எங்கை போகுது?" என்று கேட்டேன்.

"கடலுக்கு ரீச்சர்."

"எப்பிடித் தெரியும்?"

"படத்திலை கிடக்கு."

"நீங்கள் கண்டனீங்களோ?"

இல்லை, ஒருவரும் காணவில்லை. ஒருவன் கடலுக்குத்தான் போகும் என்றான். இன்னொருத்தி, ஓரிடமும் போகாது, நின்று நின்று வற்றிப்போகும் என்றாள். அந்த ஆண்டு புதிதாக வந்து சேர்ந்திருந்த ஒரு பிள்ளை மட்டும், "பின்னாலை போய்ப் பாத்தால் தெரியும்தானே ரீச்சர்?" என்றாள். அவள் குருநகர்ப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டும் என்று தாய் ஒற்றைக் காலில் நின்றதால், கொக்குவிலில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடிவந்திருந்தார்கள்.

அதிபரிடம் அனுமதி கேட்டேன். "பிள்ளையளுக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் தாய்மார் என்னைத்தான் பிடிப்பினம்" என்றார். அடுத்த வருசம் புலமைப்பரிசில் சோதனை எழுதப்போகிற பிள்ளைகள். இதெல்லாம் சோதனைக்கு வருமா என்று தாய்மார் கேட்பார்கள் என்பது எனக்கும் தெரியும். வரும் என்று சொல்லிவிட்டேன். வராது என்று அவரால் நிரூபிக்க முடியாதுதானே.

அடுத்த மழை விட்டதும் குடைகளோடு புறப்பட்டோம். முதலில் பூவரசம் இலையை மிதக்கவிட்டார்கள். இலை போன பக்கம் தண்ணீரும் போகிறது என்று முடிவுகட்டப் போகும்போது, "காத்துத் தள்ளினால்?" என்று ஒருவன் கேட்டு எல்லாவற்றையும் குழப்பிவிட்டான். அந்தக் குழப்பம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. காற்றுப் பிடிக்காதபடி தண்ணீரில் அமிழ்ந்து மிதக்கிற ஒன்று வேண்டும். யாரோ ஒரு பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் தோடம்பழம் இருந்தது. தோலைப் பிய்த்துப் போட்டார்கள். செம்மஞ்சள் தோல் தலையை மட்டும் காட்டிக்கொண்டு ஒழுங்கையால் போனது. நாங்கள் ஊர்வலம் போகிறவர்கள்போல் அதன் பின்னால் போனோம். மதில்களுக்கு மேலால் முருங்கை மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. ஒருவரும் கதைக்கவில்லை. தண்ணீரோடு நடக்கும்போது நேரம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

ரயில் பாதைக்குக் கிட்ட ஓரிடத்தில் குருநகர்ப் பிள்ளை குந்தியிருந்து இரண்டு தோல்களை ஒரு சாண் இடைவெளியில் போட்டாள். ஒன்று கிழக்கே போனது. மற்றது மேற்கே திரும்பியது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்படியேதான். தினமும் சைக்கிளில் போய்வருகிற ஒழுங்கை. அந்த இடத்தில் நிலம் கணுக்கால் உயரத்துக்குக்கூட ஏறவில்லை. ஆனால் தண்ணீருக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப இதுதான் எங்கடை மலையோ ரீச்சர்?"

"ஓம்" என்றேன். அவர்கள் அந்த மலையில் ஏறி நின்றார்கள். ஒரு நேரத்தில் நாலு பேர்தான் நிற்கலாம்.

மேற்குப் பக்கத் தண்ணீர் மதகுக்குள்ளால் போய் ஒரு குளத்தில் விழுந்தது. குளத்திலிருந்து வெளியேற வாய்க்கால் எதுவும் இல்லை. மழை விட்டு வெயில் எறித்த கிழமையில் குளம் இறங்கியது. வெயில் குடித்துவிட்டது என்றார்கள் பாதிப்பேர். அப்படியானால் பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீர் வைத்துப் பார்ப்போம், வெயில் இரண்டையும் ஒரேயளவுதானே குடிக்கும் என்றார்கள் மற்றவர்கள். பேசின் தண்ணீர் மெல்ல இறங்கியது. குளம் விறுவிறென்று இறங்கியது. மிச்சம் கீழே போகிறது. சுண்ணாம்புக்கல்லின் ஓட்டைகளுக்குள்ளால் நிலத்துக்குக் கீழே போகிறது.

அந்த நாட்களில் வீட்டில் மத்தியானம் சும்மா படுத்திருக்கும்போது எனக்குச் சீமெந்துத் தரைக்குக் கீழே தண்ணீர் நடப்பது போலிருக்கும். கட்டிலோடு சேர்ந்து நானும் எங்கோ மெதுவாகப் போய்க்கொண்டிருப்பேன்.

கீழே போன தண்ணீரைப் பார்க்க எங்கள் ஊரில் ஒரே ஒரு யன்னல்தான் உண்டு, கிணறு. அது வீட்டு வளவுக்கு ஒன்று இருக்கிறது. "எல்லாரும் உங்கடை வீட்டுக் கிணத்திலை ஒரு போத்தல் தண்ணி கொண்டுவாங்கோ" என்றேன். ஒரேயளவு தண்ணீர், ஒரேயளவு சவர்க்காரத் துருவல், ஒரே மாதிரிக் குலுக்கல். பிறகு அடிமட்டத்தால் நுரையை அளப்பது. சுண்ணாம்பும் உப்பும் கூடின தண்ணீர் லேசில் நுரைக்காது. எந்தெந்தக் கிணறுகள் ஒரே மாதிரி என்று பார்த்தால் கீழே தண்ணீர் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம் என்பது என் எண்ணம்.

போத்தல்கள் வந்தன. பளபளவென்று கழுவி, சிலவற்றுக்கு மூடியில் பொலித்தீன் சுற்றி, கோயிலுக்குக் கொண்டுபோகிற மாதிரிக் கொண்டுவந்தார்கள். குலுக்கினார்கள். நுரை பொங்கிப் போத்தல் வாய்வரைக்கும் வந்தது. எல்லாப் போத்தலிலும் அப்படித்தான். ஒன்றே ஒன்றைத் தவிர. குருநகர்ப் பிள்ளை எவ்வளவு குலுக்கியும் மேலே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடுதான். கீழே கலங்கல். அவள் திரும்பவும் குலுக்கினாள். கை நோகும்வரை குலுக்கினாள்.

"உப்புச் சவர்த் தண்ணி" என்று ஒருவன் சொன்னான். ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். வகுப்பு சிரித்தது. நான் அதட்டினேன். அதட்டினால் சிரிப்பு நிற்கும், சிரித்தது இல்லையென்று ஆகாது. அவள் போத்தலை மூடி, பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். தாய் கதிரை போட்டு இருக்கச் சொன்னார். நல்ல மரியாதை, முகம் மட்டும் இறுகியிருந்தது.

"குருநகரிலை குடத்தோடை பைப்படியிலை நிண்டனாங்கள் ரீச்சர். இஞ்சை வந்து சொந்தமா ஒரு கிணறு எண்டு கண்ட உடனை நான் அழுதிட்டன். வாடகை வீட்டுக் கிணறுதான், எண்டாலும் எங்கடை வளவுக்கை. பிள்ளை நாள் முழுக்க அந்தக் கிணத்துக் கட்டிலைதான் இருப்பாள். இப்ப என்னெண்டால், ஊருக்குள்ளை இருக்கிற கிணறெல்லாம் நல்லதாம், எங்கடைதான் கூடாதாம்." கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டினார். "நாங்கள் இஞ்சை வந்து சேந்ததே பிழை. இந்தப் பள்ளித் தவணையோடை திரும்பிப் போறம்."

தண்ணீரைப் பற்றிக் கனவு கண்டுகொண்டு திரிந்த என் விளையாட்டு, இந்தப் பெண் ஒற்றைக் காலில் நின்று பிடித்த பள்ளிக்கூடத்தை அவர் மகளிடமிருந்து பறிக்கப்போகிறது. பிள்ளை உள்ளேயிருந்து வந்தாள். அழுத முகம் இல்லை, யோசித்த முகம்.

"ரீச்சர், உங்கடை கேத்தலுக்குள்ளை வெள்ளைப் பொருக்கு இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"எங்கடை கேத்தலிலையும் இருக்கு. தண்ணி கொதிக்கேக்கை வாறது எண்டு அம்மா சொன்னவ. எல்லாரின்ரை வீட்டிலையும் இருக்கோ எண்டு கேட்டுப் பாப்பமோ?"

"நீயே வந்து கேள்" என்றேன்.

வந்தாள். வகுப்பு முன்னால் நின்று கேட்டாள். அடுத்த நாள் எல்லோரும் கேத்தலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லா வீட்டிலும் பொருக்கு, சில வீடுகளில் விரல் நகம் கனத்துக்கு. "அப்ப உங்கடை தண்ணியிலையும் சுண்ணாம்பு கிடக்கு. பிறகென்னெண்டு அப்பிடி நுரைச்சது?" என்று கேட்டாள்.

பின்வாங்கிலிருந்து ஒரு சின்னக் குரல்: "எங்கடை அம்மா பில்டர் தண்ணி விட்டவ." அதற்குப் பின் மடை திறந்தது. ஒரு வீட்டில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, துணியால் வடித்து ஊற்றியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கூரையில் பிடித்த மழைத் தண்ணீர். ஒரு வீட்டில் கடையில் வாங்கியது. "ரீச்சருக்குக் குடுக்கிறது, நல்ல தண்ணியாக் குடுத்துவிட வேணும் எண்டு அம்மா சொன்னவ" என்றான் ஒருவன், மிகுந்த நியாயத்தோடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கிணற்றுத் தண்ணீர் என்றால் எங்கள் ஆட்களுக்கு வீட்டு மானம். அதை ஒரு போத்தலுக்குள் அடைத்து ஊர்ப்பார்வைக்கு வை என்று கேட்ட என்னைத்தான் உதைக்கவேண்டும். சொன்னபடி கிணற்றில் அள்ளிக் கொடுத்தது ஒரே ஒரு தாய்.

பிள்ளைகள் தாங்களே சட்டம் போட்டார்கள். இனி வீட்டுப் போத்தல் சரிவராது. நாங்களே போய் அள்ளவேண்டும். ஒரே வாளி, ஒரே கயிறு. தண்ணீர் மட்டத்தை அளக்கக் கயிற்றில் முடிச்சுகள். அள்ளுகிற ஆளும் ஒரே ஆளாக இருக்கவேண்டும், ஆளுக்கு ஆள் மேல்தண்ணீரையும் அடித்தண்ணீரையும் அள்ளினால் கணக்குப் பிழையாகிவிடும். யார் அள்ளுவது என்று பள்ளிக்கூடக் கிணற்றில் போட்டி வைத்தார்கள். மற்றவர்களின் வாளி தண்ணீரில் மிதந்துகொண்டு நின்றது. குருநகர்ப் பிள்ளை கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டினாள். வாளி தலைகீழாகப் பாய்ந்து நிரம்பி வந்தது. மூக்கைப் பொத்தினவளே முதலில் கை தட்டினாள்.

எனக்குக் கை தட்ட முடியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் யார் கிணற்றில் யார் வாளி விடலாம் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இப்போது ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்டால், அதெல்லாம் அந்தக் காலம் என்பார்கள். சொல்லாமல் விட்டது இல்லாமல் போய்விட்டதா என்பதைப் பார்க்க, நாங்கள் இப்போது ஒரு கடற்கரைப் பிள்ளையின் கையில் கயிற்றைக் கொடுத்து வீடு வீடாகப் போகப்போகிறோம். நுரையில் தோற்றுத் திரும்பி வந்த பிள்ளை இதில் ஒரு கேற்றில் மறிக்கப்பட்டால் பிறகு அவள் தாயை எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று பயந்தேன்.

ஆனால் போனோம். மழைக்கால வெயில் பட்டும் படாமலும் இருந்தது. பல வீடுகளில் கேற்றைத் திறந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் மாம்பழச் சாறு தந்தார்கள். என் பயம் மெல்லக் கரைந்தது. கிணறுகள் ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட வானம் இருந்தது. பிள்ளைகள் எட்டிப் பார்க்க, அவர்களின் தலைகளும் அந்த வானத்தைச் சுற்றி வட்டமாக நின்றன. நுரை எங்கும் அதே மெல்லிய கோடுதான், கொஞ்சம் கூடக் குறைய.

கடைசி வீடு குருநகர்ப் பிள்ளையின் வீட்டுக்குப் பின்வீடு. நடுவில் ஒரு மதில். அந்த வீட்டு அக்கா எங்கள் தேவாலயச் சபையைச் சேர்ந்தவர். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து, படிப்பித்து, ஓய்வுபெற்றவர். எல்லோரும் ஒரு தகப்பனின் பிள்ளைகள் என்று பெண்கள் சங்கத்தில் அழகாகப் பேசுவார். கிணற்றடிக்குச் சிரித்துக்கொண்டே வந்தவர், கயிறு வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்தார்.

"உவள் பின்வீட்டுப் பிள்ளையெல்லோ?" என்று என்னைக் கேட்டார். பிறகு அவளிடம், தேன் வடிகிற குரலில், "வாளியைத் தாங்கோ பிள்ளை. நான் அள்ளித் தாறன். விழுந்துபோடுவியள்" என்றார்.

கை நீட்டியபடி நின்றார். பிள்ளை கயிற்றைக் கொடுக்கப் போனாள்.

"இல்லை அன்ரி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "ஒரே ஆள்தான் அள்ளவேணும்! நீங்கள் அள்ளினால் எல்லாம் பிழைச்சுப்போம்!"

அக்கா என்னைப் பார்த்தார். பெரியவர்களுக்குள் முடித்துக்கொள்ளலாம் என்கிற பார்வை. நான் பிள்ளைகளின் சட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "அவை சொல்லுறது சரியக்கா. ஆள் மாறினால் பிழைச்சுப்போம்."

நீட்டிய கை இறங்கியது. பிள்ளை வாளியை விட்டாள். கயிற்றை ஒரு வெட்டு. நிரம்பி வந்தது. நுரையை அளந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக் கிணற்றில் என்னவோ, அதே அளவு. தண்ணீர் மட்டமும் அதே முடிச்சு. "ரெண்டும் ஒரே தண்ணி! மதிலுக்குக் கீழாலை போகுது!" என்று குதித்தார்கள். அக்கா உள்ளே போய்த் தட்டில் பிஸ்கற் கொண்டுவந்து எல்லோருக்கும் நீட்டினார், அவளுக்கும் சேர்த்து. வீட்டுக்கு வரும்போது நான் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் வந்தேன். இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை அந்த ஒழுங்கையால் சைக்கிளில் போனேன். அக்கா வீட்டு வளவுக்குள் தோட்டத்துக்கு இறைக்கிற மெசின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. குழாயால் தண்ணீர் ஒழுங்கைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை வாளி விட்ட கிணற்றை முழுதாக இறைக்கிறார். மாரியில் ஒருவரும் கிணறு இறைப்பதில்லை. சைக்கிளை விட்டு இறங்கி அந்தத் தண்ணீருக்குள் நின்றேன். தெளிந்த தண்ணீர். செருப்புக்கு மேலால் ஓடியது. எனக்கு அழுகை வந்தது. உள்ளே போய்ச் சத்தம்போடவேண்டும்போல் இருந்தது. மதிலுக்கு மற்றப்பக்கத்தில் அந்தத் தாய்க்கும் இந்த மெசின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

திங்கட்கிழமை அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். மணியடிக்க முன்னமே வந்து நின்றாள். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள்.

"ரீச்சர்! அன்ரி எங்களுக்காக ஒரு பரிசோதனை செய்தவ! கிணத்தை இறைச்சவ. அவ இறைக்க இறைக்க எங்கடை கிணறும் ஒரு முடிச்சு இறங்கினது! மெசின் நிப்பாட்டினாப் பிறகு திரும்ப ஏறினது! நான் கயித்தை வைச்சுப் பாத்துக்கொண்டே இருந்தனான்!"

வகுப்பு அவளைச் சூழ்ந்துகொண்டது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.

பள்ளிக்கூடம் விட்டபோது தாய் கேற்றடியில் குடையோடு நின்றார். நான் கிட்டப் போய், "நான் அவளை அங்கை கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாது" என்றேன்.

"மெசின் என்னத்துக்கு ஓடினதெண்டு எனக்குத் தெரியும் ரீச்சர்" என்றார் மெதுவாக. "பிள்ளைக்குச் சொல்லேல்லை. அண்டைக்கே பெட்டி கட்டத்தான் எழும்பினனான். உவள் கிணத்துக் கட்டிலை படுத்துக்கிடந்து, அம்மா எங்கடை தண்ணி அங்கை போகுது, எங்கடை தண்ணி அங்கை போகுது எண்டு கத்துறாள். நானும் போய் எட்டிப் பாத்தன். ஓம், இறங்குது. அந்த மனிசி நாள் முழுக்க இறைச்சு ஊத்திப்போட்டு, பின்னேரம் ஊறி வந்து நிண்டது எங்கடை தண்ணியும் சேந்துதானே?" குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "எனக்குச் சிரிப்பு வந்திட்டுது ரீச்சர். நாங்கள் ஒரு இடமும் போகேல்லை."

பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ரீச்சர், நான் தொடக்க மட்டத்தைப் பாக்காமல் விட்டிட்டன். மெசின் ஓடத் தொடங்கின பிறகுதான் ஓடிப்போய்ப் பாத்தனான். அன்ரி திரும்ப எப்ப இறைப்பா எண்டு கேட்டுச் சொல்லுவீங்களோ?"

தாய் என்னைப் பார்த்தார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்து கையைப் பிடித்தார். நானும் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, பின்வீட்டுப் பிள்ளை கேக்கச் சொன்னவள்" என்றேன், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "நீங்கள் திரும்ப எப்ப கிணறு இறைப்பியள்? நீங்கள் இறைக்க அவையின்ரை கிணறு எவ்வளவு இறங்குதெண்டு அவள் இந்த முறை தொடக்கத்திலை இருந்து அளக்கவேணுமாம்."

என் கைக்குள்ளிருந்து அவர் தன் கையை இழுக்கப் பார்த்தார். நான் விடாமல் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றேன்.